நைட் ஷிப்ட்ல தூக்கம் கெட்டு மண்டை மரத்துப் போன மாதிரி இருக்கு, ஞாயித்துக்கிழமை தூங்கினா சரியாகிடுமா?

சி_ஷிப்ட்_காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இத எந்தப் பகுதியில போடணும்னு தெரியல, உடம்பு விஷயம்ங்கறதால இங்க போடுறேன், அட்மின் மாத்தணும்னா மாத்திக்குங்க.

வயசு 34. ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனியில அசெம்பிளி லைன்ல இருக்கேன். வாராவாரம் ஷிப்ட் மாறும், ஒரு வாரம் சி ஷிப்ட், அதாவது ராத்திரி 10 டு காலை 6, அடுத்த வாரம் பி, அதாவது மத்தியான ஷிப்ட், அதுக்கடுத்த வாரம் ஏ, அதாவது காலை ஷிப்ட், மறுபடி சி. ரெண்டு மாசமா ஆள் பத்தலன்னு ஓடி (ஓவர் டைம்) வேற போட்டு வாங்குறாங்க, காசு வருதேன்னு நானும் தலைய ஆட்டிட்டேன். வீட்டுக்கு வந்து டிபன் சாப்ட்டு படுக்க 9 ஆகிடும், மத்தியானம் 1, 1.30க்கெல்லாம் தானா முழிப்பு வந்துரும், அதுக்கப்புறம் புரண்டு புரண்டு படுத்தாலும் வராது. சராசரியா நாலரை மணி நேரம்னு வெச்சுக்குங்க.

இதுல வேடிக்கை என்னன்னா எனக்கு தூக்கமே வரல, நல்லாத்தான் இருக்கேன்னு தோணுது. ஆனா நடக்குறதெல்லாம் வேற மாதிரி இருக்கு. லைன்ல போல்ட் டைட் பண்ணிட்டு மேல மார்க்கர்ல கோடு போடணும், கோடு போட்டிருக்கேன், ஆனா டைட் பண்ணேனா இல்லையான்னு சத்தியமா ஞாபகம் இல்ல, திருப்பி ரெஞ்ச் வெச்சு பாத்தா டைட்டாதான் இருக்கு. பாப்பா டிவி ரிமோட்ட கீழ போட்டதுக்கு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திட்டேன், நாலு வயசுக் குழந்தை, அது என்ன பாத்து சுவத்து ஓரமா ஒண்டிக்கிச்சு, இப்ப நெனச்சாலும் வயித்தப் பிசையுது. ராத்திரி 3 மணிக்கு பிஸ்கட், போண்டா, சமோசான்னு ஏதாவது வாயில போட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு, 6 கிலோ ஏறிட்டேன், கம்பெனி செக்கப்ல வெறும் வயித்து சுகர் 112.

இத போட வெச்சது போன வெள்ளிக்கிழமை நடந்தது. காலையில பைக்ல வரேன், மண்ணிவாக்கத்துல என் வீடு. ஒரகடம் மேம்பாலம் தாண்டுனது ஞாபகம் இருக்கு, அடுத்து ஞாபகம் இருக்கறது ஆதனூர் கூட்டு ரோடு கிட்ட ஒரு ஆட்டோக்காரர் என்ன திட்டுறது. நடுவுல படப்பை பஜார் இருக்கு, அங்க எப்பவும் நெரிசல், பூக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் தாண்டித்தான வந்திருக்கணும், எதுவுமே மண்டையில இல்ல. தூங்கிட்டேனா, முழிச்சுட்டே வந்தேனா, எனக்கே தெரியல.

கேள்வி ரெண்டு. இதெல்லாம் தூக்கம் கெட்டதாலயா, இல்ல எனக்கு வேற ஏதாவதா? ஞாயித்துக்கிழமை 11 மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன், அதுல கணக்கு நேராகிடுமா?


நாப்பது_சக்கரம்:

தம்பி, மொதல்ல பைக்க விடு. மத்த பேச்செல்லாம் அப்புறம்.

நான் 19 வருஷமா நைட் பஸ் ஓட்டுறேன், இப்ப சென்னை – மதுரை லைன். நீ சொன்ன படப்பை கதைக்கு எங்க ஆளுங்க கிட்ட "கண்ணு முழிச்சிருக்கும், ஆளு இருக்க மாட்டான்"னு பேரு. கண்ணு மூடி தலை தொங்குனாதான் தூக்கம்னு நெனைக்காத, ரெண்டு மூணு செகண்டு மூளை ஆஃப் ஆகி திரும்ப ஆன் ஆகும், கண்ணு பாதி தெறந்தே இருக்கும், கை ஸ்டியரிங்க புடிச்சபடியே இருக்கும். 80ல போறப்ப ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். மூணு செகண்டுன்னா 66 மீட்டர், அதாவது என் பஸ்ஸு மாதிரி அஞ்சு பஸ்ஸ வரிசையா நிறுத்துன தூரம் டிரைவர் இல்லாத வண்டி ஓடுது. இது புள்ளி விவரம் இல்ல தம்பி, கணக்கு, நீயே பெருக்கி பாத்துக்க.

விடியக்காலம் 3ல இருந்து 5 வரைக்கும்தான் எங்களுக்கு எமகண்டம். ராத்திரி 1 மணிக்கு ஜோரா ஓட்டுறவன்கூட 4 மணிக்கு கன்னத்துல அறைஞ்சுக்குவான். பாட்டு சத்தம் ஏத்துறது, ஜன்னல தெறக்குறது, பச்ச மொளகா கடிக்கிறது, எல்லாம் பண்ணி பாத்தாச்சு, அஞ்சு நிமிஷம்கூட தாங்காது. தாங்குறது ஒன்னே ஒன்னுதான், ஓரம் கட்டி 20 நிமிஷம் கண்ண மூடுறது. டீ குடிச்சிட்டு உடனே படுத்துரணும், டீ வேலை செய்ய ஆரம்பிக்கவும் நீ எழுந்திரிக்கவும் சரியா இருக்கும்.

உனக்கு கெடச்ச வார்னிங் எல்லாருக்கும் கெடைக்காது. அந்த ஆட்டோக்காரர தேடிப் போயி ஒரு டீ வாங்கிக் குடு.


ஆறு_மணி_அலாரம்:

எல்லாரும் சும்மா பயமுறுத்தாதீங்க ப்ரோ. எங்க தாத்தா விடியக்காலம் 3 மணிக்கு எழுந்து கமலை எறைச்சவரு, 88 வயசு வரைக்கும் இருந்தாரு, சுகரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அமெரிக்காவுல ஒரு ஸ்கூல் பையன் 11 நாள் சேந்தாப்ல தூங்காம இருந்து ரெக்கார்டு போட்டான், அவனுக்கு ஒன்னும் ஆகல. நானே டெய்லி 5 மணி நேரம்தான் தூங்குறேன், பழகிடுச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. மனசுதான் காரணம், தூக்கம் தூக்கம்னு நெனச்சா தூக்கம் வரும்.


சுக்கு_கஷாயம்:

நான் பொது மருத்துவம் படிச்சு முடிச்ச டாக்டர். பி.ஜி. பண்ணப்ப 30 மணி நேர டியூட்டி பாத்தவன், அதனால வெளிய நின்னு புத்தி சொல்றேன்னு யாரும் நெனைக்க வேணாம். பெருசா எழுதிட்டேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல ஆறு மணி அலாரத்துக்கு. தாத்தா 3 மணிக்கு எழுந்தார், சரி, எத்தனை மணிக்கு படுத்தார்? கரண்ட் வராத காலத்துல ஊரே 7.30க்கு சாப்ட்டு 8 மணிக்கு திண்ணையில சாஞ்சிரும். 8ல இருந்து 3, ஏழு மணி நேரம் ஆச்சு. மத்தியானம் வேப்பமரத்தடியில கயித்துக் கட்டில் கணக்கு தனி.

அந்த அமெரிக்க பையன் பேரு ராண்டி கார்ட்னர், சான் டியாகோ, 1963 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1964 ஜனவரி வரைக்கும், மொத்தம் 264 மணி நேரம், அப்ப வயசு 17. ஒன்னும் ஆகலன்னு சொல்றீங்க. பதினோராவது நாள் அவன்கிட்ட 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வான்னு சொன்னாங்க, 65 வரைக்கும் வந்துட்டு நிறுத்திட்டான், ஏன்டா நிறுத்துனன்னு கேட்டா, என்ன பண்ணிட்டு இருந்தேன்னே மறந்துட்டேன்னான். வயசான காலத்துல தனக்கு தூக்கமே வராம அவஸ்தைப்பட்டதா அவரே பேட்டியில சொல்லிருக்காரு, அதுக்கும் இதுக்கும் முடிச்சு போட நான் வரல. கின்னஸ்காரங்களே இந்த ரெக்கார்ட இனிமே எடுத்துக்கறதில்லன்னு விட்டுட்டாங்க.

இப்ப "பழகிடுச்சு"ங்கறதுக்கு வரேன், ஷிப்ட் தம்பிக்கும் இதுதான் முக்கியம். 2003ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க 48 பேர வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ரெண்டு வாரம், சிலருக்கு 8 மணி நேரம் படுக்கை, சிலருக்கு 6, சிலருக்கு 4. தினமும் ஸ்கிரீன்ல நம்பர் வந்தா பட்டன அமுக்கணும், எவ்வளவு வேகமா அமுக்குறாங்கன்னு பாக்குறது, அவ்வளவுதான் டெஸ்ட். 8 மணி நேரக்காரங்க அப்படியே இருந்தாங்க. மத்த ரெண்டு கூட்டமும் நாளுக்கு நாள் சரிஞ்சுட்டே போச்சு, ரெண்டு வாரம் முடியறப்ப ஒன்னு ரெண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாதவன் எப்படி இருப்பானோ அந்த நிலமைக்கு வந்துட்டாங்க. விஷயம் அது இல்ல. உங்களுக்கு எப்படி இருக்குன்னு அவங்களையே கேட்டா, மொத சில நாள் தூக்கமா இருக்குன்னாங்க, அப்புறம் கொஞ்சம் அசதிதான், பரவால்லன்னாங்க. அதாவது மூளை இறங்கிட்டே போகுது, இறங்குதுன்னு சொல்ல வேண்டிய மீட்டரும் கூடவே படுத்துருச்சு. நீங்க "எனக்கு தூக்கமே வரல, நல்லாத்தான் இருக்கேன்"னு எழுதுனீங்க பாருங்க, அந்த வரிதான் எனக்கு படப்பைய விட பயமா இருந்துச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னா, முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒன்னு சேந்துட்டே வரும். சிங்க்ல எச்சில் பாத்திரம் சேர்ற மாதிரி வெச்சுக்குங்க. சேரச் சேர தூக்கம் அழுத்தும், தூங்குறப்பதான் கழுவி கவுக்குறது. டீ காபி என்ன பண்ணுதுன்னா பாத்திரத்தக் கழுவாது, சமையக்கட்டு கதவ மட்டும் சாத்தும். கண்ணுக்கு தெரியல, அவ்வளவுதான், கதவு தெறந்ததும் மொத்தமும் அங்கயேதான் இருக்கும். இன்னொன்னு, டீ காபியில முழிக்க வெக்கிற காஃபின்ல பாதி வெளியேறவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். நீங்க கேன்டீன்ல 4.30க்கு டீ குடிச்சா 9 மணிக்கு படுக்கறப்ப பாதி டீ இன்னும் ரத்தத்துலதான் இருக்கு.

குழந்தைகிட்ட கத்துனது: மூளையில அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி, பயம் கோவம் எல்லாம் அங்க. முன் மூளை அத புடிச்சு வெச்சிருக்கும், கன்னுக்குட்டிய கயித்துல புடிச்ச மாதிரி. ஒரு ராத்திரி முழுக்க முழிக்க வெச்சுட்டு மனச உலுக்குற படங்கள காட்டி ஸ்கேன் எடுத்தப்ப அமிக்டலா 60 சதவீதம் அதிகமா துள்ளுச்சுன்னு 2007ல காட்டுனாங்க, கயித்தோட புடி தளந்து போச்சுன்னும் பாத்தாங்க. அதனால நீங்க கெட்ட அப்பா இல்ல. ஆனா குழந்தைக்கு அமிக்டலா எல்லாம் தெரியாது, போய் மடியில வெச்சு பேசுங்க.

போல்ட் ஞாபகம் இல்லாததும் இதே கதைதான், ஹிப்போகாம்பஸ்னு ஒரு இடம், புது விஷயத்த பதிவு பண்றது அதோட வேலை. தூங்காத மூளையில கை பழக்கத்துல வேலைய செஞ்சுரும், ரிஜிஸ்தர்ல ஏறாது.

சுகர், வெயிட்டு: சிகாகோவுல 1999ல நல்ல ஆரோக்கியமான 11 இளைஞர்கள 6 நாள் ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க, ஆறே நாள்ல அவங்க உடம்பு சர்க்கரைய கையாளுற விதம் சுகர் ஆரம்பிக்கிற ஆளு மாதிரி ஆயிடுச்சு. பசிய கிளப்புற ஹார்மோன் ஏறும், போதும்னு சொல்ற ஹார்மோன் இறங்கும், அதனாலதான் 3 மணிக்கு போண்டா கூப்புடுது, யாரும் அந்நேரத்துக்கு கீரைக்கு ஏங்கி நான் பாத்ததில்ல. பிபியும் சாதாரணமா தூக்கத்துல 10, 20 சதவீதம் இறங்கி ரெஸ்ட் எடுக்கும், அந்த ரெஸ்ட் உங்களுக்கு பாதியில கட்டாகுது. ஆனா 112ன்னா எல்லாத்தையும் தூக்கத்து மேல போட்டுட்டு உக்காராதீங்க, மூணு மாச சராசரி பாக்குற ஹெச்பிஏ1சி டெஸ்ட் ஒன்னு எடுத்துருங்க.

ஞாயித்துக்கிழமை கணக்கு: ஒரு நாள் 11 மணி நேரம் தூங்குனா கொஞ்சம் தெளியும், அத வேண்டாம்னு சொல்லல. ஆறு நாள் கடன் ஒரு நாள்ல அடையாது, அதுலயும் சர்க்கரை விஷயம் அவ்வளவு சீக்கிரம் நேராகறதில்ல.

கடைசியா ஒரு கேள்வி, மறக்காம பதில் சொல்லுங்க. குறட்டை உண்டா? நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்துக்கறீங்களா? வீட்டுல கேளுங்க, உங்களுக்கு தெரியாது. அப்படி இருந்தா தூக்கம் கெடறதுக்கு அதுவும் ஒரு காரணம்.


வார்டு_அக்கா:

டாக்டர் சார் சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா பகல்ல எப்படி தூங்குறதுன்னு சொல்லாமயே போயிட்டாரு, அது எங்கள மாதிரி நர்ஸுங்க கிட்டதான் கேக்கணும். 😄

எனக்கும் அந்த "நல்லாத்தான் இருக்கேன்" நடந்திருக்கு தம்பி. வேற ஊர்ல வேலை பாத்தப்ப, தொடர்ச்சியா அஞ்சாவது நைட்டு, பெட் 7 பேஷன்ட்டோட பிபிய பெட் 8 சார்ட்ல எழுதிட்டேன். காலையில இன்சார்ஜ் சிஸ்டர் பாத்துட்டு கூப்புட்டாங்க, நான் இல்லவே இல்லன்னு சண்டை போட்டேன், என் கையெழுத்து, என் பேனா, நீல மை, அப்பவும் நான் எழுதலன்னே நின்னேன். நல்ல வேளை யாருக்கும் ஒன்னும் ஆகல. அன்னிலேர்ந்து 3 மணிக்கு மேல எதா இருந்தாலும் ரெண்டு பேரா நின்னு வாய்விட்டு படிச்சு சரிபாக்குறதுதான். நீயும் போல்ட் டைட் பண்றப்ப "ஆச்சு"ன்னு வாய்ல சொல்லிட்டு மார்க்கர எடு, பக்கத்துல இருக்கறவன் சிரிச்சா சிரிக்கட்டும்.

தூக்கத்துக்கு: ரூம கும்மிருட்டு பண்ணு. ஸ்கிரீன் துணி பத்தாது, நான் ஜன்னல் கண்ணாடியில கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டிட்டேன், 60 ரூபா செலவு. வெளிச்சம் பட்டா மூளை பகல்னு முடிவு பண்ணி, தூக்கத்துக்கு நேரமாச்சுன்னு சொல்ற மெலடோனின்ங்கற ஹார்மோன நிறுத்திரும், நாம என்னதான் கெஞ்சுனாலும் கேக்காது. அப்புறம் சூடு, மேல் மாடி வீடுன்னா 12 மணிக்கு மேல கூரை கக்குற சூட்டுலயே முழிப்பு வந்துரும், தூக்கத்துக்கு உடம்பு உள்சூடு கொஞ்சம் இறங்கணும், உனக்கு 1 மணிக்கு முழிப்பு வர்றதுல அதுவும் ஒன்னா இருக்கும் (உடம்புக் கடிகாரமும்தான்). படுக்கறதுக்கு முன்னாடி குளிச்சிட்டு தரையில பாய் போட்டு படுத்துப் பாரு. எனக்கு காலையில ஒரு அஞ்சு மணி நேரம், வேலைக்கு கெளம்புறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ரெண்டா பிரிச்சுக்கிட்டதுதான் கை கொடுத்துச்சு.

வீட்டுக்கு போறப்ப கறுப்பு கண்ணாடி போட்டுக்கோ, காலை வெயில் கண்ணுல பட்டா தூக்கம் கலைஞ்சிரும்.


நாப்பது_சக்கரம்:

அக்கா, கண்ணாடி விஷயம் மட்டும் வேணாம். பைக் ஓட்டுறவனுக்கு அந்த வெயிலுதான் கொஞ்சமாச்சும் முழிக்க வெக்கிது, அதையும் மறைச்சா படப்பையில இல்ல, நேரா ஆஸ்பத்திரியிலதான் எழுந்திரிப்பான். பஸ்ல வந்தா போட்டுக்கட்டும்.


வார்டு_அக்கா:

அதுவும் சரிதாண்ணே, நான் எப்பவும் பஸ்தான், அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன். தம்பி, பஸ்ல வந்தா மட்டும்.


குக்கர்_விசில்:

நான் ஷிப்ட் போறவங்க இல்ல, ஷிப்ட் போறவரோட வீட்டுக்காரி. பகல்ல தூங்குற மனுஷன் இருக்கற வீட்ட நடத்துறது எப்படின்னு யாரும் எழுதறதில்ல, அதான் வந்தேன். காலிங் பெல் ஸ்விட்ச் மேல பேப்பர் ஒட்டி "நைட் டியூட்டி, தூங்குறாங்க, போன் பண்ணவும்"னு என் நம்பர எழுதிட்டேன். கொரியர் தம்பி கேட்டு நடக்குறாரு, கேஸ் சிலிண்டர்காரரு கேட்டு நடக்குறாரு, எங்க மாமியாரு மட்டும் இன்னும் பழகல. குக்கர் 8.30க்குள்ள எறக்கிடுவேன். அவரோட போன் என்கிட்ட சமையக்கட்டுல இருக்கும், சொந்தக்காரங்க "பகல்ல என்னப்பா தூக்கம்"னு கேக்குறதுக்கு பதில் சொல்ற வேலையும் எனக்குத்தான். ராத்திரி 2 மணிக்கு உங்களுக்கு போன் போட்டு என்ன தூக்கம்னு கேட்டா எப்படி இருக்கும்னு ஒரு பெரியப்பாகிட்ட கேட்டுட்டேன், அதோட அவரு பேசறதே இல்ல, அதுவும் நல்லதுக்குத்தான்.

தம்பி, உங்க வீட்டுல இந்தப் பேச்ச எடுத்தீங்களா? அவங்களுக்கு படப்பை கதை தெரியுமா?


ஆறு_மணி_அலாரம்:

டாக்டர் ப்ரோ, தாத்தா மேட்டர எங்க அப்பாகிட்ட கேட்டேன். 7 மணிக்கே படுத்துருவாராம். சரி விடுங்க. நான் 5 மணி நேரம்தான், ஆனா ஆபீஸ்ல சாப்ட்டதும் கண்ண சொக்குதே, அதுவும் இதானா? 🙈


சுக்கு_கஷாயம்:

அதேதான். பழகல, மரத்துப் போச்சு.


சி_ஷிப்ட்_காரன்:

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒம்போது நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்குங்க.

குக்கர் விசில் அக்கா கேட்டதுக்கு, இல்லக்கா, வீட்டுல சொல்லாமதான் இருந்தேன். அன்னிக்கே இந்தத் திரிய அப்படியே குடுத்து படிக்க சொன்னேன், படிச்சு முடிச்சிட்டு ஒரு வார்த்தை பேசல, பைக் சாவிய எடுத்து பீரோவுக்குள்ள வெச்சு பூட்டிட்டா.

டாக்டர் சார், குறட்டை கேட்டீங்க. எனக்கு குறட்டையே கெடையாதுன்னு சண்டைக்குப் போனேன், அவ போன்ல ரெக்கார்டு பண்ணி காட்டுனா. மில்லு ஓடுற மாதிரி ஓடுது, திடீர்னு நின்னுருது, 20 செகண்டுக்கு மேல சத்தமே இல்ல, அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து தலைய வெளிய எடுக்குற மாதிரி ஒரு இழுப்பு. என் சத்தத்த நானே கேட்டு பயந்தது அன்னிக்குத்தான். ஒரு ஆஸ்பத்திரியில காட்டுனேன், ராத்திரி முழுக்க ஒயர் மாட்டி தூங்க வெச்சு பாக்குற டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க, எனக்கு ராத்திரி ஏதுங்கன்னு கேட்டேன், ஏ ஷிப்ட் வாரத்துல வாங்கன்னுட்டாங்க. ஹெச்பிஏ1சி 5.9, சுகர் இன்னும் வரல, ஆனா வாசல்ல நிக்குது.

சூப்பர்வைசர்கிட்ட பேசினேன். ஓடி இனிமே வாரத்துக்கு ஒன்னுக்கு மேல வேணாம்னுட்டேன், மூஞ்சி சுளிச்சாரு, கட்டாயப்படுத்தல. ஷிப்ட சி, பி, ஏன்னு பின்னாடி பின்னாடி சுத்துறதுக்கு பதிலா ஏ, பி, சின்னு முன்னாடி சுத்தலாமேன்னும் கேட்டிருக்கோம், நாலு பேரா சேந்து. நம்ம உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்த விட துளி நீளமாம், அதனால படுக்கற நேரத்த தள்ளிப் போடறது சுலபம், முன்னாடி இழுக்கறதுதான் கஷ்டம்னு எங்கயோ படிச்சத சொன்னேன். ஹெச்ஆர்ல பாக்குறோம்னாங்க.

சார்ட் பேப்பர் ஒட்டியாச்சு. ரெண்டு நாளா 3 மணி வரைக்கும் தூங்குறேன். பாப்பாகிட்ட சாரி கேட்டேன், ரிமோட்ட எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கா, இன்னும் தரல.

இப்ப கம்பெனி பஸ்தான். நேத்து காலையிலயும் படப்பை எப்ப போச்சுன்னு தெரியல, ஆனா இந்த தடவ ஓட்டுனது நான் இல்ல.


நாப்பது_சக்கரம்:

நல்லது தம்பி. அந்த பஸ் டிரைவர் ராத்திரி எங்க தூங்குனாருன்னு ஒரு வார்த்தை கேட்டு வை.